விதானையாரின் கோபம்

ஒரே தண்ணீரை இரண்டு பேருக்குக் கொடுத்தவர் என்று வட்டவிதானை பதியுதீனுக்குப் பெயர் வந்தது, கச்சான் காற்று கண்ணைத் திறக்க விடாமல் வீசிய ஒரு சிறுபோக நெற்செய்கைக் காலத்தில்.

வீடு சாய்ந்தமருதில். வேலை மாவடிப்பள்ளிப் பக்கம், ஆத்தங்கட்டுக் கண்டம் என்ற வயல்வெளியில். எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, யாருடைய வயலுக்கு முதலில் பாய்ச்சுவது, யார் களவாக வரம்பை வெட்டித் தண்ணீர் எடுத்தது என்பதையெல்லாம் பார்க்கிற பொறுப்பு விதானைக்கு. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வயல்காரரும் அவருக்கென்று நெல் அளந்து கொடுப்பார்கள். அதோடு கண்டத்துக்குள் யாரையும் எந்த நேரத்திலும் ஏசுகிற உரிமையும் அவருக்கு இருந்தது. நெல்லில் ஒரு மரைக்கால் குறைந்தால் பதியுதீன் பொறுத்துக்கொள்வார். ஏச்சில் ஒரு சொல் குறைய விட்டதில்லை.

அன்று விடிந்து அதிக நேரமாகவில்லை. அவர் மனைவி ஸம்ஸியா முற்றத்தில் குந்தியிருந்து சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசல் கடப்பைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் இடுப்புவரை சேறு. இரண்டு பேர் கையிலும் மண்வெட்டி. ஒருவர் மீராலெவ்வை, இந்த வீட்டு மகள் நஸ்லினுக்குப் பேசியிருந்த ஒலுவில் மாப்பிள்ளையின் தாய்மாமன். மற்றவர் கல்முனை நேசராசா. கண்டத்தில் இவருடைய வயலுக்கும் அவருடைய வயலுக்கும் நடுவே ஒரு வரம்புதான்.

"விதானையார் இரிக்காரா?" என்றார் மீராலெவ்வை.

"இரிக்காரு. என்ன, ரெண்டு பேரும் வாய்க்காலுக்குள்ள விழுந்திட்டீங்களா?"

"இண்டைக்குத் தண்ணி ஆருக்கு எண்டு அவருட்டயே கேக்கணும். எனக்கெண்டு நேத்துப் பள்ளிவாசல்ல வெச்சுச் சொன்னாரு."

"எனக்கெண்டு சந்தையடியில வெச்சுச் சொன்னாரு," என்றார் நேசராசா.

"பள்ளியில வெச்சு ஒரு மனிசன் பொய் சொல்லுவானா?"

"அப்ப சந்தையில வெச்சுச் சொன்னாப் பொய்யா? நான் என்ன, சந்தையில விக்கிற சாமானா?"

நடந்தது இதுதான். இருவரும் இருட்டோடு போய் ஆளுக்கொரு பக்கம் வரம்பை வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் பாய்ந்து, நடுவரம்பை உடைத்து, மீராலெவ்வை முதல்நாள் விதைத்த முளைநெல்லை அப்படியே வாரிக்கொண்டுபோய் நேசராசாவின் வயலுக்குள் விட்டுவிட்டது.

"என்ட விதை அவர்ட வயலுக்குள்ள முளைக்கப் போகுது," என்றார் மீராலெவ்வை. 

"முளைச்சா நான் என்ன செய்ய? போகச் சொல்லியா சொல்ற?"

பதியுதீன் சாறனை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இண்டைக்கு ஆர்ர முறையெண்டா..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது.

ஸம்ஸியா மீன் கையோடு எழும்பினாள். "ரெண்டு பேருக்கும்தான் சொன்ன. பாதிப் பாதி. அத விளங்காம வெட்டினது ஒங்கட பிழை."

"பாதித் தண்ணி எப்பிடிகா பாய்ச்சுற? இடுப்பளவு நனைச்சுப்போட்டு விடுறதா?" என்றார் மீராலெவ்வை.

அப்போதுதான் பதியுதீனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் சொற்களும் வந்துவிட்டன. "என்ட கடப்படிக்கு வந்து என்னட்டக் கணக்குக் கேக்குறீங்களா? ஒங்கட வாப்பாமாருக்குத் தண்ணி குடுத்தவன் நான். போங்க. நாளைக்கு ரெண்டு பேருக்கும் இல்ல. தேத்தண்ணி குடிக்கிற தண்ணியும் இல்ல."

அவர்கள் போனார்கள். ஆனால் மத்தியானத்துக்குள் மீராலெவ்வை ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். போன வாரம் நேசராசா விதானையார் வீட்டுக்கு ஒரு சேவல் கொண்டுவந்து கொடுத்ததை ஊர் பார்த்திருந்தது. விதானை சேவலுக்குத் தண்ணீரை விற்றுவிட்டார் என்று பின்னேரத்துக்குள் காரைதீவுச் சந்திவரை கதை போனது. ஸம்ஸியாவால் சேவல் வரவில்லை என்று சொல்லவும் முடியாது. அது வந்து, சட்டியேறி ஆணமாகி, தின்றும் முடிந்திருந்தது. எலும்பைப் பூனை முற்றமெல்லாம் இழுத்துத் திரிந்தது.

அவளுக்குக் கவலை சேவலைப் பற்றியல்ல. அவர் முறை மறந்தது இது முதல் தரமல்ல என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கொஞ்சக் காலமாகவே அவர் கேட்கிற கேள்விக்கும் அவரிடம் கேட்கப்படுகிற கேள்விக்கும் அவளே பதில் சொல்லி வந்தாள். முதலில் அது வழக்கமான வாய்க்கொழுப்பாக இருந்தது. பிறகு வேலையாகிவிட்டது. யாராவது "விதானையார்..." என்று தொடங்கினால் அவர் முகத்தைப் பார்ப்பாள். கண் அலைந்தால் அவள் வாய் திறந்துவிடும்.

டொக்டர் அன்ரனிற்றா வீட்டுக்கு வந்தது அந்தக் கிழமைதான்.

அவள் கல்முனைப் பிள்ளை. வெளியூரில் படித்து, மூளை நரம்பு வருத்தங்களை ஆராய்கிறவள். மருதமுனையிலிருக்கும் பதியுதீனின் அண்ணன், காக்கா முஸ்தாக்குக்கு ஐம்பது வயதாவதற்குள் இரண்டு தரம் கைகால் இழுத்திருந்தது. பிரஷரும் இல்லை சீனியும் இல்லை, பிறகு ஏன் என்று வருடங்கள் கழித்துத் துருவிப் பார்த்தவள் அவள்தான். இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, பரம்பரையாக வருகிற ஓர் அரிய வருத்தமென்று கண்டுபிடித்திருந்தாள். இப்போது முஸ்தாக்கின் கூடப்பிறந்தவர்களைத் தேடி வந்திருந்தாள்.

"வருத்தத்தின்ட பேர் என்ன டொக்டர்?" என்று தேத்தண்ணீரை வைத்தபடி ஸம்ஸியா கேட்டாள்.

"கடாசில்."

"கடைசில என்ன?"

"இல்ல அக்கா, பேரே அதுதான். கடாசில்."

"அதத்தான் கேக்கன். கடைசில என்ன செய்யும்?"

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதியுதீன் பக்கம் திரும்பினாள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற மிகச் சின்னக் குழாய்கள் இருக்கின்றன, அவற்றின் சுவர் தடித்து அடைபட்டுப் போகிறது, பெரிய குழாய்களில் பிழையில்லை என்று விளக்கினாள். அவ்வளவு நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த பதியுதீன் முதல் தரமாக அவளைப் பார்த்தார்.

"பெரிய வாய்க்கால்ல தண்ணி வருது. கடைசி வயலுக்குப் போற சின்ன வாய்க்கால் தூந்து போச்சு. அதத்தானே சொல்றீங்க?"

"அதேதான் விதானையார்."

"அதுக்கு வாய்க்கால வெட்டித் துப்புரவாக்கணும். அதச் செய்யுங்க, நான் வாறன்."

"அதுக்கு இன்னும் மருந்து வரல்ல. அதுக்குத்தான் படிக்கிறம். இப்பைக்கு பீடிய விடணும், பிரஷரக் கட்டுப்பாட்டில வெச்சிருக்கணும்."

"மருந்தும் இல்ல, பீடியும் இல்ல. நல்ல டொக்டர்தான்," என்றார் பதியுதீன்.

ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறதென்று அன்ரனிற்றா தாள்களை எடுத்தாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள்.

"வியாழன்," என்றாள் ஸம்ஸியா.

"அவர் சொல்லட்டும் அக்கா. விதானையார், இது என்ன மாசம்?"

"அவருக்கு இங்கிலீசு மாசம் கணக்கில்ல டொக்டர். துல்ஹஜ்."

"அக்கா, ஒள்ளுப்ப நேரம் குசினிக்குள்ள இருக்கிறீங்களா?"

ஸம்ஸியாவின் சொந்த வீடு அது. இந்தப் பக்கத்து வழக்கப்படி அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. பதியுதீன்தான் வந்து குடியேறியவர். தன் வீட்டில் தன்னைக் குசினிக்கு அனுப்பிய முதல் ஆள் இந்த டொக்டர்தான் என்று நினைத்துக்கொண்டு போனாள். போய் அடுப்படிச் சுவரோடு காதை வைத்தாள்.

டொக்டர் ஐந்து சொற்கள் சொன்னாள்: தேங்காய், பட்டு, பள்ளி, மயில், நீலம். பிறகு வேறு என்னவெல்லாமோ கேட்டுவிட்டு, முதலில் சொன்ன சொற்களைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள்.

 வெளியே கச்சான் தென்னோலையைப் போட்டு அடித்தது. கதிரை ஒன்று கிரீச்சிட்டது. ஸம்ஸியா பொறுத்துப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை. உடைத்து வைத்திருந்த தேங்காய்ப் பாதியை எடுத்துக் கதவிடுக்கால் நீட்டி ஆட்டினாள்.

பதியுதீன் பார்த்துவிட்டார். முகம் தெளிந்தது. "சொதி," என்றார்.

டொக்டர் திரும்பிப் பார்த்தாள். தேங்காய் உள்ளே போனது.

"வேற?"

"வேற... சம்பல்."

அன்ரனிற்றா பேனையை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள். குசினிக்குள் ஸம்ஸியாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அவளுக்குள் எங்கேயோ இடறியது. மயிலுக்கு அவள் எதை நீட்டியிருக்க முடியும்? அவர் இந்தச் சொற்களை விட்டுவிட்டு வெகுதூரம் போயிருக்கிறார், நான் இத்தனை நாளும் கதவிடுக்கில் நின்று தேங்காய் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றியது. கையிலிருந்த பாதியை வைத்துவிட்டு மரப்பலகையில் உட்கார்ந்தாள்.

இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாமென்று டொக்டர் சொன்னாள். இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கும் வராமல் விடுவதற்கும் சரிபாதி என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த நஸ்லின் புத்தகப் பையைக் கழற்றாமல் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதியுதீன் எழும்பினார். "ரத்தமும் இல்ல, ஒண்டும் இல்ல. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. டொக்டர், இஞ்ச வந்த கதைய வெளியில கதைக்கப்படாது."

"நான் கதைக்க மாட்டன். அது உங்கட விசயம்," என்றாள் அன்ரனிற்றா. "மனசு மாறினாச் சொல்லி அனுப்புங்க."

அவள் போனதும் ஸம்ஸியா கணவரிடம் கேட்டாள். "கண்டத்துக் கூட்டத்துல இந்தத் தண்ணி விசயம் வரப் போகுது. என்ன சொல்லப் போறீங்க?"

"சேவலுக்குத்தான் தண்ணி குடுத்தன் எண்டு சொல்லப் போறன்."

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"கேளு. லஞ்சம் வாங்கினன் எண்டா என்னோட போயிரும். நாளைக்கு மறந்திருவானுகள். மறதி வருத்தம் எண்டா அது புள்ளயோட வரும். கள்ளன்ட மகளக் கட்டுவானுகள். வருத்தக்காரன்ட மகள ஆரு கட்டுற?"

ஸம்ஸியா யோசித்துப் பார்த்தாள். அதில் பிழை காண முடியவில்லை. இந்த மனிதரின் மூளையில் எந்த வாய்க்கால் தூர்ந்திருந்தாலும் இந்த வாய்க்கால் தூரவில்லை என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது. வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

கூட்டம் மூன்று கிழமை கழித்துக் கண்டத்து நெற்களஞ்சியக் கட்டடத்தில் நடந்தது. தகரக் கூரை. வெயிலும் கச்சானும் சேர்ந்து உள்ளே இருந்தவர்களை அவித்துக்கொண்டிருந்தன. கண்டத்தில் கிடக்கும் மூன்று ஏக்கர் ஸம்ஸியாவின் பேரில் இருந்ததால் அவளும் அங்கத்தவர். பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

மீராலெவ்வை எழும்பி வழக்கை வைத்தார். விதைநெல் போன கதையை ஒவ்வொரு மணியாகச் சொல்வதுபோலச் சொன்னார். முடிவில், "சேவல் வாங்கினாரா இல்லையா எண்டு விதானையார் இந்தச் சபையில சொல்லணும்," என்றார்.

பதியுதீன் எழும்பினார். சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். "ஓம். வாங்கினன். வாங்கிட்டுத்தான் தண்ணி குடுத்தன். மன்னிச்சுக்கங்க."

சபை திகைத்துப் போனது. மறுப்பார், ஏசுவார், இரண்டு மணித்தியாலம் பொழுது போகும் என்று வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் நேசராசா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார்.

"அதெப்பிடி? நான் குடுக்கல்ல."

"குடுத்தீங்க நேசராசா," என்றார் பதியுதீன்.

"சேவல் குடுத்தன். லஞ்சம் குடுக்கல்ல. நான் சேவல் குடுத்துத் தண்ணி வாங்குற ஆளா? எங்கட அப்பா கோயில்ல பிரசங்கம் வாசிச்சவர்."

"பின்ன என்னத்துக்குச் சேவல் குடுத்தீங்க?" என்று மீராலெவ்வை கேட்டார்.

நேசராசா கொஞ்சம் தயங்கினார். "அது பொல்லாத சேவல். என்ட மனிசி சகாயம்மாட காலக் கொத்திப் புண்ணாக்கிட்டு. கிணத்தடிக்குப் போக விடுறல்ல. என்னையும் ஒரு நாள் கக்கூசுக்குள்ள வெச்சு மறிச்சிட்டு. வளத்த கையால அறுக்க மனம் வரல்ல. விதானையாருக்குப் பயப்படாத சீவன் இந்தப் பக்கத்துல இல்ல எண்டு அவருட்டக் குடுத்தன். அது தொல்லை, லஞ்சம் இல்ல."

கட்டடம் சிரிப்பில் அதிர்ந்தது. பதியுதீன் கையை உயர்த்தினார். தன் குற்றம் கையைவிட்டுப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்ல, இல்ல. தண்ணிக்குத்தான் தந்தாரு. எனக்குத் தெரியும். அவரு வந்து, இந்தாங்க விதானையார், இந்த..."

நின்றார். கண் அலைந்தது.

"இந்த... விடியக் கூவுறது..."

"மீன்காரனையா குடுத்தாரு?" என்றது முன்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு இன்னும் கூடியது.

"இல்ல... அந்த... தலையில சிவப்பா..."

அவர் பகிடி விடுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். விதானையார் இவ்வளவு நல்ல பகிடிக்காரர் என்று தெரியாமல் போயிற்றே என்று பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். பதியுதீனும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். ஆனால் அவர் கைவிரல்கள் சட்டை விளிம்பைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்ததைப் பின்வரிசையிலிருந்து ஸம்ஸியா கண்டாள். சற்றுமுன் எல்லோர் வாயிலும் இருந்த சொல் அது. அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அவள் எழும்பினாள்.

"சிரிக்காதீங்க. அவருக்குச் சொல்லு வருதில்ல. அது பகிடி இல்ல, வருத்தம். மருதமுனைக் காக்காக்கு வந்ததுதான் இவருக்கும். முறைய மறந்துதான் ரெண்டு பேருக்கும் தண்ணிய சொன்னாரு. எனக்கு முந்தியே தெரியும். நான்தான் மறைச்ச."

காற்றில் தகரம் ஒன்று படபடவென்று அடித்தது.  பதியுதீன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அந்த வீட்டில் இதுவரை விழுந்த எல்லா ஏச்சும் சேர்ந்திருந்தன. மீராலெவ்வை தன் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார், அதைத் தோளில் போட்டார், மறுபடி எடுத்துத் துடைத்தார்.

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியில். "நான் ஊரெல்லாம் சேவல் கதை சொல்லிட்டன்."

விதானையை மாற்றுவதா என்று யாரோ கேட்டார்கள். போகத்தின் நடுவில் மாற்ற முடியாது, இந்த வாய்க்கால்களின் குணம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்று நேசராசா சொன்னார். அறுவடை வரைக்கும் அவரே இருப்பது, முறை சொல்லும்போது இரண்டு பேர் கூட நின்று கேட்டுக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. அந்த இரண்டு பேர் யாரென்று கேட்டபோது சபை முழுவதும் ஒரே திசையைப் பார்த்தது. அப்படித்தான் மீராலெவ்வையும் நேசராசாவும் அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலிலும் ஒன்றாக மதகடிக்குப் போக வேண்டி வந்தது.

பதியுதீன் வீட்டுக்கு வந்து ஸம்ஸியாவோடு பேசவில்லை. சோற்றைத் தின்றார், பீடியைத் தேடினார், அது ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்காகவும் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஒலுவிலிலிருந்து சரீபா வந்தாள், மாப்பிள்ளை அஷ்ரப்பின் உம்மா. ஓட்டோவிலிருந்து இறங்கும்போது கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு வருகிற சம்பந்தி எதற்கு வருவாள் என்று ஸம்ஸியாவுக்குத் தெரியும். இருந்தாலும் பாயை விரித்து, வட்டாவில் வெற்றிலையை எடுத்து வைத்தாள்.

"தம்பி மீராலெவ்வை சொன்னான்," என்றாள் சரீபா.

"ஓம். உண்மதான்."

"புள்ளைக்கும் வருமாமே?"

"ரெண்டுல ஒண்டு எண்டு டொக்டர் சொல்றா. வரவும் செய்யும், வராமலும் விடும்."

சரீபா வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள். பிறகு இன்னொரு வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள். வட்டாவில் இருந்த வெற்றிலை எல்லாவற்றுக்கும் காம்பு போய்விடும்போல இருந்தது.

நஸ்லின் உள்ளேயிருந்து வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். "மாமி, நான் அஷ்ரப்ட்ட போன மாசமே சொல்லிட்டன். டொக்டர் வந்த அண்டைக்கே."

இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

"நீ அவனோட கதைக்கிறயா?" என்றாள் ஸம்ஸியா. இவ்வளவு நடந்த பிறகும் அவளுக்கு முதலில் அதிர்ச்சியானது அதுதான்.

"வட்சப்லதானே உம்மா."

"அவன் என்ன சொன்னான்?" என்று சரீபா கேட்டாள்.

"யோசிக்க நேரம் கேட்டாரு. ஒரு கிழமைக்குப் பிறகு, அவங்கட வீட்டு விசயம் ஒண்டையும் நான் அறியணும் எண்டாரு. சொல்லவா மாமி, நீங்களே சொல்றீங்களா?"

சரீபாவின் முகம் மாறியது. கொஞ்ச நேரம் கையிலிருந்த காம்புகளைப் பார்த்தாள். "அந்தக் கடற்கரை வளவுக் காணி இரிக்கே," என்றாள் மெதுவாக. "மாப்பிள்ளைக்கு எண்டு காட்டினமே, தென்னமரத்தோட."

"ஓம்?"

"அதுல பாதியக் கடல் அரிச்சிட்டு. நீங்க பாக்க வந்த அண்டைக்கு, பின்பக்கம் நாய் கட்டியிரிக்கி, போகாதீங்க எண்டு மறிச்ச. நாய் இல்ல. கடல்."

ஸம்ஸியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த இல்லாத நாய்க்குப் பயந்து தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. சரீபாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்தபோது, எந்த நீர் எதற்கு வந்தது என்று பிரிக்க முடியாமல் இருந்தது.

"கலியாணத்த இப்ப முடிவு சொல்ல எனக்கு ஏலாது," என்றாள் சரீபா எழும்பும்போது. "பயம் இரிக்கி. ஆனா இல்ல எண்டு சொல்லவும் வரல்ல. அவங்க ரெண்டு பேரும்தான் நமக்கு முந்திக் கதைச்சிட்டாங்களே. கதைச்சு முடிக்கட்டும்."

நஸ்லின் அன்று பின்னேரம் வாப்பாவிடம் போய், டொக்டருக்குச் சொல்லி அனுப்பப் போவதாகச் சொன்னாள். "எனக்குப் பாக்கிறதா இல்லையா எண்டு நான் பிறகு யோசிப்பன். ஒங்களுக்கு எண்டாத் தெரியணும் வாப்பா. முஸ்தாக் பெரியப்பா ஒரு ஆள்ட ரத்தத்த மட்டும் வெச்சு அவங்க என்னத்தப் படிக்கிற?"

பதியுதீன் ஏசவில்லை. "பள்ளிக்கூடப் புள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும். இந்தப் புள்ள என்ட மண்டையப் படிக்கப் போகுது," என்று மட்டும் சொன்னார்.

இரத்தம் எடுத்த நாள் ஸம்ஸியாவின் வீடு கலியாண வீடு மாதிரி இருந்தது. பதியுதீனின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எருமைத் தயிரும் வாழைப்பழமும் இருந்தன, இறால் பொரித்திருந்தது. ஆளாளுக்குக் கையை நீட்டிவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டே பீங்கானை நோக்கி நடந்தார்கள். எல்லோருக்கும் எடுத்து முடிந்ததும் ஸம்ஸியா கையை நீட்டினாள்.

"உங்களுக்குத் தேவையில்ல அக்கா. நீங்க இந்தப் பரம்பரை இல்லையே."

"இவரோட இத்தின வருசம் இருந்தும் எனக்கு ஒண்டும் தொத்தியிரிக்காதா? ஒருக்காப் பாருங்க."

அன்ரனிற்றா யோசித்தாள். ஒரே வீட்டில் ஒரே சோறு தின்று வாழ்ந்த, வருத்தமில்லாத ஆளின் இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆராய்ச்சிக்கு உதவும் என்று சொல்லி எடுத்தாள். ஸம்ஸியா வெற்றிப் பார்வையோடு பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து, முஸ்தாக்கின் மனைவி ஹிமாயாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முஸ்தாக் யன்னலோரம் கதிரையில் இருந்தார். ஒரு காலத்தில் மருதமுனையில் கைத்தறிச் சாறன் வியாபாரம் செய்தவர். ஒரு சாறனுக்குப் பேரம் பேசினால் தெருவே கூடி நிற்கும். இப்போது முன்னால் வைத்த பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹிமாயா ஊட்டினால் தின்றார்.

"இவரு ஏசுறதே இல்லயா இப்ப?" என்று ஸம்ஸியா கேட்டாள்.

"முந்தி ஆணத்துல புளி கூடினாச் சட்டியத் தூக்கி வளவுக்குள்ள எறிவாரு," என்றாள் ஹிமாயா. "எத்தின சட்டி. நான் அழுதிரிக்கன். இப்ப எதப் போட்டாலும் தின்னுறாரு. நான் பிழையா ஆக்கினா எனக்கே தெரியிறல்ல, ஆரும் சொல்றதுக்கு இல்ல."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். ஸம்ஸியாவுக்கு அதற்குப் பிறகு இறால் இறங்கவில்லை.

அறுவடை முடிந்தது. அந்த வருடம் நேசராசாவின் வயலின் ஒரு மூலையில் மட்டும் கதிர் வேறு நிறமாக, அடர்த்தியாக விளைந்தது. அதை எந்தச் சண்டையுமில்லாமல் வெட்டி மீராலெவ்வையின் வண்டியில் ஏற்றினார்கள் என்பதைக் கண்டத்தில் இன்னும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். இருவரும் விடியலில் ஒன்றாகப் போய் வந்து, ஒருவரை ஒருவர் ஏசாமல் இருக்க முடியாத அளவுக்கு நண்பர்களாகியிருந்தார்கள்.

முடிவு வந்ததும் அன்ரனிற்றா நேரில் வந்தாள். பதியுதீனுக்கு இருந்தது. அவருடைய தங்கை ஒருத்திக்கும் இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. டொக்டர் எல்லாவற்றையும் அவரிடம்தான் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார், தலையாட்டினார். "சரி. அப்ப இனி என்ட முறை," என்றார். பிறகு எழும்பி, மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார்.

ஸம்ஸியா டொக்டரைக் கடப்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அங்கே அவள் சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டொக்டர், மகளே, ஒண்டு கேக்கணும். அவருக்குப் பூசணிக்காய் புடிக்காது. அது இந்த வருத்தமா?"

"இல்ல அக்கா."

"நான் கதைச்சுக்கொண்டிருக்கக்குள்ள பாதியில எழும்பிப் போவாரு. அது?"

"எப்ப இருந்து?"

"கலியாணம் முடிச்ச கிழமையில இருந்து."

"அப்ப வருத்தம் இல்ல."

"கோபம்? நாய் மாதிரி விழுவாரு. ஒங்களுக்கே தெரியும். அது வருத்தமா, அவரா?"

அன்ரனிற்றா கடப்பில் கையை வைத்து நின்றாள். "கோபம் எப்பவும் இருந்ததா?"

"என்னப் பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே தேத்தண்ணி ஆறிட்டெண்டு ஏசினவரு."

"அப்ப அது அவர்தான் அக்கா. வருத்தம் கூடினா ஆக்கள் அதிகம் அமைதியாகிருவாங்க. ஒண்டிலயும் பிடிப்பு இல்லாமப் போகும். அத நீங்க கண்டா எனக்குச் சொல்லுங்க."

"அப்ப கோபம் அவர்ட சொந்தம்," என்றாள் ஸம்ஸியா.

"ஓம். சொந்தம்."

அதற்குப் பிறகுதான் அவள் தொந்தரவு தொடங்கியது. முப்பது வருடமாக எதற்குப் பயந்தாளோ அதை இப்போது காத்திருந்து கேட்க ஆரம்பித்தாள். அவர் கத்தினால் நெஞ்சு ஆறும். இரண்டு நாள் கத்தாவிட்டால் தூக்கம் வராது. வேண்டுமென்றே சட்டையின் பொத்தானைத் தைக்காமல் விட்டாள். பீடியை இன்னும் ஆழமான இடத்தில் ஒளித்தாள். பெரும்பாலும் வேலை செய்தது.

மாரி தொடங்கிய ஒரு மத்தியானம். அவர் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்திருந்தார். முஸ்தாக்கும் இப்படித்தான் யன்னலோரம் கதிரையில் இருந்தார். பாரைமீன் ஆணம் அடுப்பில் கொதித்தது. உப்பு போட்டாயிற்று. அவள் சிரட்டையில் கைவிட்டு இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள். கொஞ்சம் யோசித்து, இன்னொரு பிடியும் போட்டாள்.

சோற்றை வைத்தாள். அவர் ஆணத்தை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். விழுங்கினார். இரண்டாவது வாயும் போனது. மூன்றாவதும் போனது. ஸம்ஸியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நஸ்லின் ஒரு வாய் வைத்துவிட்டு, உம்மாவை வியப்போடு பார்த்தபடி தண்ணீருக்கு ஓடினாள்.

பதியுதீன் பீங்கானைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவர் கண் அலைந்தது, எதையோ தேடியது. அவள் வாயைத் திறக்கவில்லை. தேடட்டும் என்று நின்றாள்.

"ஸம்ஸியா."

"ஓம்?"

"ஒலுவில்காரிட வளவ அரிச்சுப்போட்டு, மிச்சக் கடலையும் இந்தச் சட்டிக்குள்ளயா கொண்டுவந்து ஊத்தின? மனிசன் தின்னுறதா, கருவாடாக் காயுறதா? ஒனக்கு ஆருடி ஆக்கப் பழக்கின?"

அதோடு நிற்கவில்லை. அவள் உம்மாவின் சமையல், அவள் ராத்தாவின் சமையல், சாய்ந்தமருதில் உப்பு விற்கிற எல்லாக் கடைகளும் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாச் சொல்லும் வரிசையாக வந்தன, ஒன்றுகூட விடுபடவில்லை. பீங்கானைத் தள்ளிவிட்டு எழும்பி நின்று ஏசினார்.

ஸம்ஸியா அவர் தள்ளிய பீங்கானை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர் ஏசி முடிக்கும்வரை அந்தச் சோற்றைப் பிடி பிடியாக அள்ளித் தின்றுகொண்டே இருந்தாள்.